எதிர்ப்புறம் மடித்த இலை

உட்காருங்கள் தம்பி, தாராளமாக உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். சன்னலோரம் வேண்டுமானால் அதையும் தருகிறேன்; விட்டுக்கொடுப்பது எனக்குப் பழகிய காரியம். ஓர் உதவி மட்டும் செய்ய வேண்டும். இந்தச் சாலை எனக்குப் புதிது. பல்கலைக்கழக நிறுத்தத்தில் நான் இறங்க வேண்டும். சுங்கச்சாவடி கண்ணில் பட்டால் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருளாம். என் மருமகன் சொல்லியனுப்பினான். நீங்கள் இந்தப் பக்கத்துக்காரர் போலத் தெரிகிறது. நிறுத்தம் வரும்போது ஒரு வார்த்தை சொல்வீர்களா? நல்லது. முகத்தைப் பார்த்தே மனிதரை அறிந்துவிடுவேன். நீங்கள் நம்பத் தகுந்தவர்.

நம்பிக்கை என்று சொன்னதும் நெஞ்சு கனக்கிறது, தம்பி. துரோகம் என்ற சொல்லை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியவன் நான். தமிழ்ப் பேராசிரியன், தணிகாசலம் என்பது பெயர். சென்ற ஆண்டுதான் அந்தச் சொல்லுக்கு எனக்கே பொருள் விளங்கியது. அதைச் செய்தவன் பகைவன் அல்லன். என் பிள்ளையைப் போல நான் எண்ணிய ஒரு மாணவன்.

பெயர் சொல்ல மாட்டேன். ஒருவருடைய பெயரைப் பொதுவில் இழுப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல்.

எங்கள் பல்கலைக்கழகம் காவிரிக்கரையில் இருக்கிறது. அப்போது அங்கே ஆண்கள் விடுதிக்கு நான்தான் காப்பாளர். செஞ்சுருள் சங்கத்துக்கும் நானே ஒருங்கிணைப்பாளர். கேள்விப்பட்டிருப்பீர்கள், எச்.ஐ.வி. பற்றி மாணவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுகிற சங்கம். வேறு பேராசிரியர்கள் அந்தப் பொறுப்பைக் கடமைக்கு ஏற்பார்கள். டிசம்பர் முதல் தேதி ஓர் ஊர்வலம், ஒரு கோலப் போட்டி, ஓர் உறுதிமொழி, அத்தோடு கைகழுவிவிடுவார்கள். நான் அப்படியல்ல. உடன் உண்பதால் பரவாது, தொடுவதால் பரவாது, மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறவர் உங்களையும் என்னையும் போல முழு வாழ்வு வாழலாம் என்று ஒவ்வொரு வகுப்பாகப் போய்ச் சொன்னவன். சொல்லி முடித்ததும் நெஞ்சில் கைவைத்து, "உங்களில் எவருக்கேனும் துன்பம் இருந்தால் என்னிடம் வாருங்கள், என் நெஞ்சு பூட்டிய பெட்டகம்" என்பேன். கைதட்டுவார்கள்.

அதை நம்பித்தான் அவன் வந்தான். ஆடி மாதத்துப் புழுதிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மாலை. வேதியியல் ஆராய்ச்சி மாணவன். ஒல்லியான உடம்பு, துவைத்து மடித்த சட்டை, அளந்து பேசுகிற வாய். கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றான்.

"சார், மாசம் ஒருநாள் ஜி.எச்.க்குப் போய் மாத்திரை வாங்கணும். அன்னிக்குக் காலை அட்டெண்டன்ஸுக்கு வர முடியாது. ஒரு பெர்மிஷன் வேணும்."

"என்ன மாத்திரை?" என்று கேட்டேன்.

சொன்னான். அவன் குரல் நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்கியது. எழுந்து போய் அவனைத் தழுவிக்கொண்டேன். எப்படி வந்தது என்று கேட்டேன். "அது எதுக்கு சார்?" என்றான். சற்று வலித்தது. மறைப்பதற்கு நான் என்ன அந்நியனா? ஆயினும் பொறுத்துக்கொண்டேன்.

"அம்மாவுக்கே இன்னும் சொல்லல சார். படிப்பு முடிஞ்சு, வேலைக்குப் போனப்புறம் பக்கத்துல உக்கார வெச்சு நானே சொல்லணும். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்."

அவன் கையின்மேல் என் கையை வைத்து வாக்குக் கொடுத்தேன். அனுமதியும் கொடுத்தேன். அதோடு அவன் கேட்டது முடிந்தது. ஆனால் கேட்டதை மட்டும் கொடுப்பவன் கடைக்காரன், தம்பி. கேட்காததையும் கொடுப்பவனே ஆசான்.

அவன் உடம்புக்கு ஊட்டம் வேண்டுமல்லவா? விடுதிச் சமையலைப் பார்க்கிற சவரிமுத்துவைத் தனியே அழைத்து, அந்தப் பிள்ளைக்குத் தினமும் ஒரு முட்டை அதிகம் வையுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டான். காரணமில்லாமல் ஒருவனுக்கு முட்டை வைத்தால் மற்றவர்கள் கேட்க மாட்டார்களா? ஆகவே காரணத்தைச் சொன்னேன். வெளியே சொல்லக்கூடாது என்று மாதாவின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னேன். பிறகு அவனுடைய துறைத்தலைவரிடம் சொன்னேன். ஆய்வகத்தில் அவனுக்கு அதிகச் சுமை தராதிருக்க. அவரும் வாக்குத் தந்தார். அறைத்தோழன் ஜெயசீலனிடம் சொன்னேன். இவன் மாத்திரையை மறந்தால் நினைவூட்டட்டும் என்பதற்காக. என் மனைவியிடம் சொன்னதைக் கணக்கில் சேர்க்க முடியாது. மனைவி என்பவள் நானே அல்லவா?

ஆக, சொன்னதெல்லாம் அவன் நன்மைக்கு. சொன்ன ஒவ்வொருவரிடமும் வாக்குப் பெற்றேன். இதைவிடப் பொறுப்பாக ஓர் இரகசியத்தை எவரால் காக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

என்ன நடந்தது தெரியுமா? ஜெயசீலன் மறுவாரமே அறையை மாற்றிக்கொண்டான். "அந்த ரூம்ல காத்தே வரல சார்" என்றான். அவன் மாறிப்போன அறையில் மின்விசிறியே இல்லை! துறைத்தலைவர், கண்ணாடிக் குடுவைகள் கீறிவிடும் என்று சொல்லி அவனை ஆய்வகத்திலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைத்தார். கீறலுக்குக் கையுறை இருக்கிறது, முறைகள் இருக்கின்றன. வேதியியல் ஆராய்ச்சியை நூலகத்தில் செய்ய முடியுமா? சவரிமுத்து செய்ததுதான் உச்சம். தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர். அவற்றில் ஒன்றின் விளிம்பில் மட்டும் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைத்திருந்தான்.

அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான் மருதமுத்து. ஆம், அதுதான் அவன் பெயர். வாய் தவறிவிட்டது; மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குளித்தலைப் பக்கம்.

"இது யாரோட தட்டு சார்?" என்று கேட்டான்.

எனக்கு வந்த சினத்தைச் சொல்லி மாளாது. சமையற்கூடத்துக்கே போனேன்.

"யோவ் சவரிமுத்து, மாதாமேல சத்தியம் பண்ணினியே, என்ன ஆச்சு?"

"நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்கலைங்கய்யா. பெயின்டுதான் வெச்சேன். பாத்திரம் கழுவுற பொம்பளைங்களுக்குப் புள்ளகுட்டி இருக்குல்லங்கய்யா."

"பெயின்ட் பேசாதா?"

"அது பேசினா நான் என்ன பண்றதுங்கய்யா?"

அறியாமை எப்படியெல்லாம் வாதாடுகிறது, பார்த்தீர்களா? மூவரும் எனக்குத் தந்த வாக்கை மீறினார்கள். அன்றைக்கே நான் எத்தனை துரோகங்களைச் சுமந்தேன்! திரும்பி வந்தபோது மருதமுத்து இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"அவருக்கு எப்படித் தெரியும் சார்?" என்றான்.

"அது இப்போது முக்கியமல்ல, மகனே. இந்த இருளை எப்படி விரட்டுவது என்பதே முக்கியம்" என்றேன்.

தட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். விரட்டும் வழியைத்தான் நான் சிந்தித்தேன். டிசம்பர் முதல் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கோலம் வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். இவ்வாண்டு சமபந்தி என்று முடிவு செய்தேன். துணைவேந்தர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே உணவு உண்பது. சிவப்புப் பொட்டு வைத்த தட்டுக்கு வாழையிலையால் விடை சொல்வது! சிந்திக்கச் சிந்திக்க எனக்கே மெய் சிலிர்த்தது.

அவனிடம் சொன்னேன். "நல்லாருக்கு சார். எல்லாரும் சாப்பிடட்டும். என்னை மட்டும் விட்டுடுங்க" என்றான். அடக்கம் என்று எண்ணினேன்.

இலைக்கு எங்கே போவது? அவனுடைய தாய் பச்சையம்மாள் குளித்தலைச் சந்தையில் இலைக்கடை வைத்திருக்கிறார். கணவர் இல்லை, இலை நறுக்கித்தான் இவனைப் படிக்க வைத்தார். அந்த அம்மையாருக்கு ஒரு வியாபாரம் ஆகட்டுமே என்று அவரிடமே இலை சொன்னேன். மகனிடம் சொல்லவில்லை, மகிழ்ச்சியான வியப்பாக இருக்கட்டும் என்று. சரக்கு ஆட்டோவில் கட்டுக்கட்டாய் நுனியிலை வந்து இறங்கியது. கூடவே அம்மையாரும் புதுச்சேலை உடுத்தி வந்து இறங்கினார். மகன் படிக்கிற இடத்தை முதன்முதலாகப் பார்க்கிறார். "எங்க பையன் உக்காந்து படிக்கிற எடம் எதுங்கய்யா?" என்று கேட்டார். பந்தி முடியட்டும், காட்டுகிறேன் என்றேன்.

பந்தி அமர்ந்தது. தொடங்கும் முன் எழுந்து ஒரு கதை சொன்னேன். நானே புனைந்த கதை. உங்களுக்கும் சொல்கிறேன்.

ஓர் ஊருக்கு மழைநாளில் ஒரு வழிப்போக்கன் வந்தான். நோயாளி என்று சொல்லி ஊரார் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். ஒருவன் மட்டும் திறந்தான். உள்ளே அழைத்து, பாய் விரித்து, கூடத்தில் படுக்க வைத்தான். அதோடு நின்றானா? கதவை அகலத் திறந்து வைத்து, வீட்டிலிருந்த விளக்குகளையெல்லாம் ஏற்றினான். ஊரார் வாசலில் கூடிவிட்டார்கள். "நீ ஏன் கதவைத் திறந்தாய்?" என்று கேட்டார்கள். அவன் சொன்னான்: "நீங்கள் ஏன் மூடினீர்கள் என்று உங்களைக் கேட்பதற்காகத்தான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்த உணர்ச்சிப் பெருக்கில், நான் வற்புறுத்தியதால் வந்து கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மருதமுத்துவைப் பெயர் சொல்லி அழைத்தேன். வரவில்லை. நானே போய்க் கைபற்றி அழைத்து வந்து, துணைவேந்தருக்கும் எனக்கும் நடுவே உட்கார வைத்தேன். அவன் இலையில் வைத்திருந்த வடையை எடுத்துப் பாதியைக் கடித்து உண்டேன். ஒலிபெருக்கியில் சொன்னேன்: "பாருங்கள்! எதற்கு அஞ்சினீர்கள்? இதோ இவன் இலையில் உண்டேன், உயிரோடுதான் நிற்கிறேன்!"

நோயின் பெயரை நான் சொல்லவில்லை, தம்பி. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். பின்னால் கட்டியிருந்த பதாகையில் அது எழுதியிருந்தது, அவ்வளவே.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொன்னேன். ஒழுக்கம் கெட்டவன் என்று எவரும் அவனைத் தவறாக எண்ணிவிடக்கூடாதே! ஆகவே, "இவன் மீது ஒரு குற்றமும் இல்லை, பிறக்கும்போதே தாய்வழி வந்தது" என்றேன். அவன் அப்படி என்னிடம் சொன்னதில்லைதான். ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும். இவ்வளவு நல்ல பிள்ளைக்கு வேறு எப்படி வந்திருக்கும்?

அவையே எழுந்து நின்றது. எல்லோர் கையிலும் செல்பேசி. அவர்கள் எடுத்த படக்காட்சியைத்தான், அவன் இப்போது இருக்கிற விடுதியில் காட்ட இன்று எடுத்துப் போகிறேன். எனக்குக் கண்ணீர் பெருகியது. மருதமுத்து சோற்றைத் தொடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்துபோனான். அதிலும் ஒரு பிழை. தன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்புறமாக மடித்திருந்தான். இழவு வீட்டில்தானே அப்படி மடிப்பார்கள்? இலைக்கடைக்காரியின் மகனுக்கே பந்தி முறை தெரியவில்லையே, இன்றைய இளைஞர்களுக்கு நம் மரபு எவ்வளவு தூரமாகிவிட்டது என்று எண்ணி வருந்தினேன்.

நடத்துனர் என்ன கூவுகிறார்? நான் சரியாகக் கேட்கவில்லை. வேறு ஏதோ ஊரா? சரி. நீங்கள் சொன்னால் சரி. எங்கே விட்டேன்? அம்மையார்.

கை கழுவுமிடத்தில் பச்சையம்மாள் வந்து என் எதிரே நின்றார். மீந்த இலைக்கட்டு இன்னும் இடுப்பில் இருந்தது.

"ஐயா, எம்புள்ளைக்கு என்ன ஒடம்பு?"

நான் ஆறுதலாக விளக்கினேன். மருந்து இருக்கிறது, அஞ்ச வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எங்கிட்ட இருந்து வந்துச்சுன்னு சொன்னீங்களே. எனக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"உங்கள் மகனுடைய மானத்தைக் காக்கச் சொன்னேன், அம்மா."

"அவன் மானத்தைக் காக்க எம்மானத்தை எடுத்தீங்களாய்யா? யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

கல்வி அறிவில்லாத தாய். இலைக்கட்டை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, மகன் படிக்கிற இடத்தைப் பார்க்காமலே போய்விட்டார். நான் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அவர்தான் காத்திருக்கவில்லை. அந்தப் படக்காட்சி குளித்தலைக்கும் போய்ச் சேர்ந்ததாம். சமையற்காரர்கள் யாரும் அவரிடம் இப்போது கல்யாண இலை எடுப்பதில்லை என்று கேள்வி. மக்களின் அறியாமையைப் பாருங்கள்! இதற்காகத்தானே தொண்டை கிழியப் பேசுகிறேன்?

இனித்தான் துரோகம். தைமாதம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. விசாரணைக் குழு. மருதமுத்து புகார் கொடுத்திருக்கிறான். யார்மீது? தட்டில் பொட்டு வைத்த சவரிமுத்துமீதா? அறையை விட்டு ஓடிய ஜெயசீலன்மீதா? நூலகத்துக்குத் துரத்திய துறைத்தலைவர்மீதா? என்மீது, தம்பி! பல்கலைக்கழகம் முழுவதிலும் அவன் இலையில் கைவைத்து உண்ட ஒரே மனிதன்மீது!

குழுவின் தலைவி சட்டத்துறைப் பேராசிரியை. "அவருடைய சம்மதம் பெற்றீர்களா?" என்று கேட்டார். "தந்தை மகனை முத்தமிடச் சம்மதம் கேட்பானா?" என்றேன். "சம்மதம் இல்லாம ஒருத்தரோட நிலையை வெளியில சொல்லக்கூடாதுன்னு சட்டமே இருக்கு சார்" என்றார். எனக்கா தெரியாது? அந்தச் சட்டத்தை விளக்கிச் சங்கத்தின் சார்பில் கையேடு வெளியிட்டவனே நான்தான். அது இதயமில்லாதவர்களுக்காக இயற்றப்பட்ட சட்டம். என்மீது பாய்ச்சலாமா?

மருதமுத்துவைப் பேசச் சொன்னார்கள். "சார் கெட்டவர்னு நான் சொல்லல மேடம். நான் கேட்டது மாசம் ஒருநாள் பெர்மிஷன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "உங்கள நம்பித்தானே சார் சொன்னேன்?" என்றான்.

காப்பாளர் பொறுப்பு போயிற்று. சங்கமும் போயிற்று. இப்போது சங்கத்தை நடத்துகிற அம்மையார் மேடையே போடுவதில்லையாம். ஓர் அறை, ஒரு மருத்துவர், சாத்திய கதவு. அதில் என்ன எழுச்சி இருக்கிறது?

விசாரணை முடிந்து தாழ்வாரத்தில் நடந்தபோது அவன் என்னை நிறுத்தினான். மன்னிப்புக் கேட்பான் என்று நின்றேன்.

"சார், உங்க கதையில ஒரு டவுட்."

"கேள்."

"அந்த வழிப்போக்கன் அன்னிக்குத் தூங்கினானா சார்? கதவு திறந்தே இருந்துச்சே. ஊரே பார்த்துக்கிட்டு நின்னுச்சே."

"கதையின் நீதி அதுவன்று, மருதமுத்து" என்றேன். உண்மைதானே? தூக்கத்துக்கு அந்தக் கதையில் இடமே இல்லை. சிறுபிள்ளைத்தனமான கேள்வி. ஆனாலும் பாருங்கள், சில நாள் படுத்தால் அந்தக் கேள்வி காதருகே வந்து உட்கார்ந்துகொள்கிறது. நன்றி கெட்டவர்களின் சொல்லுக்கு அவ்வளவு வலிமை.

பிறகு அவன் விடுதியைக் காலி செய்துவிட்டு, இதோ நீங்கள் இறக்கிவிடப் போகிறீர்களே, இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டான். என் பழைய மாணவன் ஒருவன் இங்கே பணிபுரிகிறான், அவன் சொன்னான். ஆய்வகத்தில் வேலை செய்கிறானாம். மாலையில் பூப்பந்து ஆடுகிறானாம். விடுதியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறானாம். சிரிக்கிறானாம்! அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்ததில்லை.

"இங்கே எவருக்கும் எதுவும் தெரியாது" என்றான் என் மாணவன். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. தெரியாமல் எப்படி நியாயமாக நடத்துவார்கள், தம்பி? ஒருவனுடைய துன்பத்தை அறியாமல் அவனோடு உண்பது சமத்துவமா? அது வெறும் சாப்பாடு. அறிந்து உண்பதல்லவா அறம்? ஆகவேதான் இந்தப் பயணம். விடுதிக் காப்பாளர் ஐந்து மணிக்குப் போய்விடுவாராம். அதற்குள் சந்தித்துப் பக்குவமாக எடுத்துச் சொல்லப் போகிறேன். சமபந்திப் படக்காட்சி என் செல்பேசியில் இருக்கிறது. காட்டினால் அவர் நெஞ்சு உருகிவிடும். நீங்களும் பாருங்கள், நடுவில் தலைகுனிந்து இருக்கிறானே, அவன்தான். வேண்டாமா? சரி. என்மீது புகார் கொடுத்தவனுக்காக நான் மனு நீட்டப் போகிறேன். பகையை அன்பால் வெல்வது இதுவே. மருதமுத்துவும் ஒருநாள் உணர்வான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? நடத்துனரிடம் என்ன சொன்னீர்கள்? என் நிறுத்தத்தை நினைவூட்டினீர்களா? நல்ல மனிதர். உட்காருங்கள். இதையெல்லாம் வேறெவரிடமும் சொல்லிவிடாதீர்கள். வாக்குத் தாருங்கள். உங்களிடம் சொன்னது நீங்கள் நம்பத் தகுந்தவர் என்பதால். ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்?

தம்பி, அது என்ன, முன்னால்? வண்டிகள் வரிசையாக நிற்கின்றனவே. மேலே வரிசையாய்ப் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும்... சுங்கச்சாவடியா? நிறுத்தம் போய்விட்டதா? அப்போது நடத்துனர் கூவினாரே, அதுதானா? வேறு ஊர் என்று தலையசைத்தீர்களே! மணி ஐந்தாகப் போகிறது. என் முகத்தைப் பாருங்கள். தெரிந்தே செய்தீர்களா? தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள்.

நீங்களுமா, தம்பி? உங்களை நம்பித்தானே சொன்னேன்?